இரண்டு வண்டிக்கு இரண்டு விரல்

ரயில்வே கேட்டைக் காக்கும் கேட்டக்காவிடம் ஹாரன் அடித்துப் பயனில்லை என்று அந்தச் சாலையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அடிப்பார்கள். கேட் மூடியிருக்கும் ஐந்து நிமிடத்தில் மனிதனுக்குச் செய்ய வேறு வேலை இல்லை போலிருக்கிறது. அவள் முறைக்கவும் மாட்டாள், திட்டவும் மாட்டாள். சுருட்டிய கொடிகளை இடக்கையில் பிடித்துக்கொண்டு, ரயில் வரும் திசையைப் பார்த்து அறை வாசலில் நிற்பாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் முதியோர் விடுதி ஒன்றில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். அதற்கென்று ஆறு மாதம் பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வாங்கியிருந்தாள். எண்பது கிலோ ஆளைத் தன் இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் புரட்டிப் போடத் தெரியும். மாத்திரையை விழுங்கியதுபோல் தலையாட்டிவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பவர்களைப் பார்த்தவுடன் தெரியும். முப்பத்தைந்து வயதில் கேட் வேலை கிடைத்தபோது கணவனிடம், "அங்க படுத்திருக்கிறவங்களை எழுப்பணும். இங்க ஓடுறவங்களை நிறுத்தணும். அவ்வளவுதான்," என்றாள்.

கணவன் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். "படுத்திருக்கிறவன் சொன்னா கேப்பான். ஓடுறவன் கேக்க மாட்டான். பாத்துக்கோ," என்றான்.

அவன் சொன்னதுதான் நடந்தது. அந்த கேட்டில் கம்பம் சாலையின் பாதியைத்தான் மறிக்கும். மூடும் நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்ட வண்டி வெளியேறட்டும் என்று மறு பாதியைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியேறுவதற்கு விட்ட வழியில் ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். கம்பத்தைச் சுற்றி வண்டியை நெளித்து, தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கக் கம்பத்தையும் சுற்றி வெளியே போவது சிலருக்குக் கைவந்த கலை. சாலை முழுவதையும் மறிக்கும் கம்பம் வேண்டும் என்று கேட்டக்கா மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் பதில் வரவில்லை.

அங்கே இரண்டு தண்டவாளம். சில நேரம் மேலே போகும் ரயிலும் கீழே வரும் ரயிலும் இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் கடக்கும். முதல் ரயில் போனதும் ஆட்கள் எஞ்சினைக் கிளப்பிவிடுவார்கள். கேட் திறக்காது. உடனே ஹாரன் மழை. அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது என்பதால், கேட்டக்கா வலக்கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டுவாள். இரண்டு வண்டி, இன்னொன்று வருகிறது என்று அர்த்தம். விதிப் புத்தகத்தில் இல்லாத சைகை. அவளாகக் கண்டுபிடித்தது. தினமும் வந்து போகிறவர்கள் அதைப் பார்த்தால் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார்கள். பதினொரு வருஷமாக அது வேலை செய்தது.

பன்னிரண்டாவது வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, ரொட்டி வேன் ஒன்று வரிசையின் முன்னால் நின்றது. ஓட்டுநர் அந்தச் சாலைக்குப் புதியவன். ரொட்டிக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பறைக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, ஏற்றக் காத்திருக்கும் வேன்காரர்களுக்கு விரலைக் காட்டுவார். இரண்டு விரல் என்றால் இரண்டு நிமிஷம். முதல் ரயில் போனது. கேட்டக்கா இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு நிமிஷம் இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று அவன் எடுத்துக்கொண்டான். கம்பத்தைச் சுற்றி வேனை நெளித்தான்.

அவள் சிவப்புக் கொடியை விரித்துக்கொண்டு ஓடினாள். ரயில் அவளைவிட வேகமாக வந்தது. வேனின் பின்பக்கத்தில் இடித்து, அதைச் சுழற்றி வாய்க்கால் ஓரம் தள்ளியது. சாலை நெடுக ரொட்டி.

கூட்டம் ஓடி வந்தது. வழக்கம்போல நாலு பேர் காலைப் பிடி, கையைப் பிடி என்று அவனை வெளியே இழுக்கப் பார்த்தார்கள்.

"யாரும் தொடக் கூடாது. தள்ளுங்க," என்றாள் கேட்டக்கா.

"ஆள் செத்துடுவான்மா," என்றார் ஒருவர்.

"நீங்க இழுத்தாதான் சாவான். மூச்சு இருக்கு, தீயில்ல, புகையில்ல. அப்புறம் என்ன அவசரம்? ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க."

பின் இருக்கை இல்லாத வேன். சரக்குத் தட்டுகளுக்கு நடுவே மண்டியிட்டு நுழைந்து, அவன் தலையை இரண்டு கையாலும் பின்னாலிருந்து பிடித்தாள். தலையை ஆட்டாதே, கேட்டதற்கு வாயால் மட்டும் பதில் சொல் என்று அவனிடம் சொன்னாள். இருபத்தைந்து நிமிடம் அப்படியே. அவளுடைய முழங்கை மரத்துப்போனது. கழுத்தெலும்பு ஒன்றில் விரிசல், இன்னும் ஒரு இம்மி நகர்ந்திருந்தால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் வேலை செய்திருக்காது என்று மருத்துவமனையில் பிறகு சொன்னார்களாம். அவன் நடந்து வீட்டுக்குப் போனான்.

போனவன், "கேட்டில் இருந்த அம்மா கை காட்டினாங்க, அதனாலதான் போனேன்," என்று எழுதிக் கொடுத்தான்.

ரயில்வேக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மேலதிகாரி ஒருவர், எதற்கும் "பரவாயில்லை" என்பவர், அதனால் ஊழியர்கள் நடுவில் பரவாயில்லை சார் என்றே பேர், ஒரு தாளைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு கேட் அறைக்கே வந்தார். அவளுடைய வாக்குமூலம். அவள் வாய் திறப்பதற்கு முன்பே எழுதித் தயாராகிவிட்டது.

அவள் கண்ணாடியைப் போட்டு வரி வரியாகப் படித்தாள். "சார், இங்க 'கடக்கச் சைகை காட்டினேன்'னு இருக்கு."

"காட்டினீங்கல்லம்மா."

"சைகை காட்டினேன். கடக்கக் காட்டல."

"ஒரு வார்த்தைதானே. பரவாயில்லை, கையெழுத்துப் போட்டுடுங்க. மனிதத் தவறுன்னு ஃபைலை மூடிடுவாங்க. உங்களை ரயில் பெட்டி கழுவுற பிரிவுக்கு மாத்துவாங்க. வேலை போகாது, அதுக்கு நான் பொறுப்பு."

"போடலைன்னா?"

"விசாரணை இழுக்கும். சஸ்பெண்ட் பண்ணுவாங்க. அப்புறம் வீட்டுக்கே அனுப்பினாலும் என்னைக் கேக்கக் கூடாது."

"என் மூணு லெட்டரும் அந்த ஃபைல்ல இருக்கா சார்? முழுக் கம்பம் கேட்டு எழுதினது?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அது வேற ஃபைல்மா," என்றார்.

அந்தப் பதிலில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஒரு கேட் காவல்காரி தப்பாகக் கை காட்டினாள் என்றால், பாதிக் கம்பத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். நாளைக்கு யார் கம்பத்தைச் சுற்றிப் போய் அடிபட்டாலும், கை காட்டினாங்க என்று சொன்னால் போதும். தாளை மடித்து வைத்துக்கொண்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஆனால் யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

யோசித்தது வேறொன்றை. துணியைப் பிழியும்போது, வாளியைத் தூக்கும்போது, அந்தக் காலை திரும்பத் திரும்ப வந்தது. தெரியாத ஆளுக்குத் தெரியாத சைகையைக் காட்டியது அவள்தான். அதை அவள் மறைக்கவில்லை, தனக்குள்ளும் மறைக்கவில்லை. ஆனால் கம்பம் கீழே இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு விரலைப் பார்த்தவன் இவ்வளவு பெரிய கம்பத்தைப் பார்க்கவில்லை என்றால் நம்ப முடியாது.

அடுத்த வாரம் ஓட்டுநரின் மனைவி வீட்டுக்கே வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, உங்களைத்தான் நம்பி வந்திருக்கேன்," என்றாள்.

"உள்ள வாம்மா. எப்படி இருக்கார்? கழுத்துப்பட்டை போட்டுத் தூங்குறாரா?"

"அரிக்குதுன்னு கழட்டிடுறார்."

"கழட்ட விடாத. ஆறு வாரம்னா ஆறு வாரம். உள்ள மெல்லிசா பருத்தித் துணி வை, அரிக்காது."

அவள் தலையாட்டினாள். பிறகு, "லைசென்ஸைப் பிடுங்கிட்டா அவருக்கு வேற தொழில் தெரியாதுக்கா. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும். உங்களுக்கு வேற இடத்துல வேலை தர்றாங்களாமே," என்றாள்.

"யாரு சொன்னா? பரவாயில்லை சாரா?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"இங்க பாரும்மா. உன் வீட்டுக்காரர் கழுத்தை இருபத்தஞ்சு நிமிஷம் பிடிச்சிருந்த கை இது. அதுல ரெண்டு விரலை மட்டும் தனியா எடுத்துக் கேக்குறீங்க. தர மாட்டேன்."

"உங்களுக்கு மனசே இல்லையாக்கா?"

"மனசு இருக்கு. அதுக்கும் பொய்க்கும் சம்பந்தமில்ல. லைசென்ஸ் போனா திரும்ப வாங்கிக்கலாம். கடக்கச் சொன்னேன்னு எழுதிக் கொடுத்தா, அடுத்த வேன்ல வர்றவன் கழுத்தை யாரு பிடிப்பா? நான் அங்க இருக்கவே மாட்டேன், பெட்டி கழுவிக்கிட்டு இருப்பேன்."

உள்ளேயிருந்து கணவன் கையில் கிரீஸோடு எட்டிப் பார்த்தான். "தங்கச்சி, இவகிட்ட இருபது வருஷமா நான் ஒரு வாதத்திலயும் ஜெயிச்சதில்ல. டீ குடிச்சிட்டுப் போ," என்றான். அந்தப் பெண் டீ குடித்தாள். அழவும் செய்தாள். கேட்டக்கா பழைய பருத்தித் துணி ஒன்றைக் கிழித்துச் சீராக மடித்து அவள் கையில் கொடுத்து அனுப்பினாள்.

விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர், அதிகம் பேசாதவர். மேசையில் அதே வாக்குமூலத்தின் இன்னொரு பிரதி கிடந்தது. பக்கத்தில் பரவாயில்லை சார் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

"படிச்சுட்டீங்களா?" என்றார் அதிகாரி.

"படிச்சேன் சார். ஒரு வார்த்தை தப்பா இருக்கு."

பேனாவை வாங்கினாள். "கடக்க" என்ற சொல்லின் மேல் ஒரே கோடு போட்டாள், படிக்க முடியாதபடி கிறுக்கவில்லை. மேலே, "இரண்டு ரயில் என்று" என எழுதி, ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டாள். விடுதியில் மருந்து அட்டையைத் திருத்தும் முறை அது. திருத்தியது தெரியவேண்டும், திருத்தியவர் யார் என்றும் தெரியவேண்டும். கீழே தன் கையால் மூன்று வரி சேர்த்தாள். கம்பம் மூடியிருந்தது. விளக்கு எரிந்தது. முழுக் கம்பம் கேட்டு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன், தேதிகள் இவை. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா இது," என்றார் பரவாயில்லை சார். அன்று அவர் வாயில் பரவாயில்லை வரவில்லை.

அதிகாரி தாளைத் திருப்பிப் படித்தார். "இந்த ரெண்டு விரல் சைகை விதியில இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அது உங்க தப்புதானே?"

"ஆமா சார். அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க, வாங்கிக்கறேன். நான் செய்யாததுக்கு வேண்டாம்."

"வேலை போனாலும்?"

"கேட்ல நின்னுக்கிட்டுப் பொய் சொல்றதுக்கு, வீட்டுல நின்னுக்கிட்டு உண்மை சொல்றேன். கால் வலியாவது குறையும்."

அதிகாரி சிரித்தாரா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தாளை ஃபைலில் வைத்தார். வெளியே தாழ்வாரத்தில் ரொட்டி வேன் ஓட்டுநர் கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்திருந்தான், அடுத்து அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவளைப் பார்த்ததும் தலையைக் குனியப் பார்த்தான், பட்டை விடவில்லை. கேட்டக்கா நின்று பட்டையைச் சரிபார்த்தாள். "தளர்வா இருக்கு. ஒரு துளை இறுக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏழு வாரம் அவளை வேலையில் சேர்க்கவில்லை. அந்த நாட்களில் மாற்று ஆள் நின்றார். மூன்று கார்கள் கம்பத்தைச் சுற்றிப் போனதைக் கணவன் பார்த்து வந்து சொன்னான். அவள் அதையும் தேதி, நேரம் போட்டு எழுதி நாலாவது கடிதமாக அனுப்பினாள். இதற்குள் ரயிலை ஓட்டியவரும், கம்பம் கீழே கிடந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்ததாக எழுதியிருந்தார். முடிவு வந்தது. மூடிய கேட்டைக் கடந்தது ஓட்டுநரின் குற்றம், ஒரு வருஷம் உரிமம் ரத்து. விதியில் இல்லாத சைகை காட்டியதற்குக் கேட்டக்காவுக்கு எழுத்துமூலம் கண்டிப்பு, இனி எந்தக் கைச் சைகையும் கூடாது. முழுக் கம்பம் பரிசீலனையில் இருக்கிறது.

கண்டிப்புக் கடிதத்தை மற்றவர்கள் என்றால் பெட்டிக்கு அடியில் போடுவார்கள். அவள் வேலைக்குத் திரும்பிய அன்றே அறைச் சுவரில், ரயில் நேர அட்டைக்குப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டினாள். கேட்பவர்கள் படிக்கட்டும் என்றாள்.

கை காட்டக் கூடாது என்றால் காட்ட மாட்டாள். ஆனால் கணவனின் பட்டறையிலிருந்து பழைய பேருந்தின் தகரக் கதவு இரண்டு வந்தது. மஞ்சள் பெயிண்ட் அடித்து, கறுப்பில் ஒரு சாண் உயர எழுத்தில் அவளே எழுதினாள்: ஒரு ரயில் போனபின் இன்னொரு ரயில் வரும். கம்பம் தூக்கும்வரை நில். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஓட்டுநர் கண்ணுக்கு நேராக.

நாலாம் நாள் பரவாயில்லை சார் வந்து இறங்கினார். பலகையைச் சுற்றி வந்தார்.

"இதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

"விதியில இல்லம்மா இது. மறுபடி லெட்டர் வரும்."

தொலைபேசி மணி அடித்தது, நிலையத்திலிருந்து அடுத்த ரயில். கேட்டக்கா கம்பத்தை இறக்கும் சக்கரத்தைப் பிடித்தாள்.

"அனுப்புங்க சார்," என்றாள். "சுவத்துல இடம் இருக்கு."