கேமராவுக்குக் காது வெச்ச கதை

நம்ப தொழில்ல கேமரா மாட்டறது ஒரு வேலையே இல்லபா. மாட்டி முடிச்சப்பறம் "இன்னாப்பா, படம் வருது, பேச்சு வரல?"ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்றதுதான் வேலை. ஏணியத் தோள்ல மாட்டிக்கினு தெருத்தெருவா சுத்தற எல்லாருக்கும் இது தெரியும். நெறைய கேமராவுக்குக் கண்ணு மட்டும்தான். காது வேணும்னா தனியா மைக்கு வாங்கி, தனியா ஒயரு இழுத்து, தனியா திட்டும் வாங்கணும். பெரிய காஞ்சிபுரத்துல ஒரு பட்டுப்பொடவைக் கடைக்குக் காது வெக்கப் போயி நான் பட்ட பாட்டச் சொல்றேன். சிரிக்கறவங்க சிரிங்க. இதே வேலை பாக்கறவங்க மட்டும் ஒரு ஓரமாப் போயி அழுதுக்கங்க.

ஊமைப் படம்

கடை கீழ ஒரு தளம், மேல ஒரு தளம். கேமரா நான் மாட்டினதுதான். மொதலாளிக்கு ஒரு பழக்கம். எதச் சொன்னாலும் தொண்டைய ஒரு கனப்பு கனச்சிட்டு "புரிதா?"ன்னு முடிப்பாரு. அன்னிக்கு என்னியக் கூப்ட்டு கல்லாப் பக்கத்துல ஒக்கார வெச்சு டிவியக் காட்டினாரு. காமாட்சியம்மன் கோயில்ல ஜாதகத்த வெச்சுக் கும்பிட்டுட்டு நேரா வந்த கல்யாணக் கூட்டம், பன்னெண்டு பேரு. மெத்தை மேல ஒக்காந்து பொடவையப் பிரிக்குது, பேசுது, சிரிக்குது. திடீர்னு மொத்தக் கூட்டமும் எழுந்து செருப்ப மாட்டிக்கினு போயிடுது. இந்த மாசத்துல இது நாலாவது கூட்டமாம். "உள்ள இருக்கற எவனோ, எவளோ எதிர்க்கடைக்கு ஆள் அனுப்புதுபா. இன்னா பேசுதுன்னு எனக்குக் கேக்கணும்"னாரு.

"சார், இந்த மாடல்ல மைக்கு கெடையாது. வெளியேர்ந்து ஒண்ணு வாங்கி மாட்டணும்"னேன். இது ஒழுங்கா அமைஞ்சா அவரு மச்சான் கல்யாண மண்டபம் மொத்தத்துக்கும் கேமரா வேலை எனக்குத்தான்னு ஆசையும் காட்டினாரு. காட்டிட்டு ஒரு மொறை மொறைச்சாரு. "வெறும் கண்ணுதான்னு அப்பவே சொல்லியிருந்தா ஒரு வாட்ச்மேன வெச்சிருப்பேன். அவனுக்குக் காதும் சேந்தே வந்திருக்கும், புரிதா?"

ஃபேன் கச்சேரி

மொத மைக்க கீழ்த்தளத்துல மெத்தைக்கு நேர் மேல வெச்சேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். வெச்ச எடம் ஃபேனுக்கு ஒரு முழம் தள்ளி. அதோட நம்ப சோம்பேறித்தனம் ஒண்ணு இருக்குது பாருங்க, கேமராவுக்குப் போற கரண்டுலேர்ந்தே மைக்குக்கும் ஒரு கிள்ளு கிள்ளிக் குடுக்கறது. செஞ்சவங்களுக்குத் தெரியும், "ங்ங்ங்ங்"னு வண்டு பூந்தா மாதிரி ஒரு சத்தம் வந்துக்கினே இருக்கும். மேல ஃபேனு "பட பட பட", கீழ வண்டு "ங்ங்ங்ங்". நடுவுல மனுச சத்தம் ஒரு துளி கெடையாது.

மறுநாள் போயி, மைக்குக்குத் தனி அடாப்டர் போட்டு, எடத்த மாத்தி, மெத்தைக்கும் கல்லாவுக்கும் நடுவுல தூண் ஓரமா வெச்சேன். மொதலாளி காதுலேர்ந்து இயர்ஃபோனக் கழட்டவே இல்ல. "நேத்து எப்பிடி சார் இருந்துச்சு?"ன்னேன். "அரை நாளு பொறுமையா கேட்டேன்பா. ஃபேன் மேல ஒரு கொறையும் சொல்ல முடியாது."

சாம்பிராணிப் பரீட்ச

மைக்குன்னு யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு மொதலாளி உத்தரவு. யாராவது கேட்டா, "நெருப்புப் பத்திக்கிச்சின்னா பொகையக் கண்டுபுடிக்கற மிஷினு"ன்னு சொல்லணுமாம். எனக்கு மனசு ஒப்பல. "சார், கேக்கறோம்னு சொல்லிட்டுக் கேட்டா நல்லாருக்கும்"னேன். மொறைச்சாரு. கல்யாண மண்டபம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. வாய மூடிக்கினேன்.

கீழ்த்தளத்துல கோமதி அக்கா இருக்குது. பதினேழு வருசமா அந்த மெத்தையிலதான் வேலை. பொண்ணு காலேஜ் போவுது, அக்கா சம்பளத்துலதான் வீடே ஓடுது. வெள்ளிக்கெழம காலைல கடை பூரா சாம்பிராணி காட்டறது அங்க வழக்கம். அக்கா கரண்டியத் தூக்கினு நேரா தூண்கிட்ட வந்துச்சு. மைக்குக்குக் கீழ புடிச்சிக்கினு அஞ்சு நிமிசம் நின்னுச்சு. எனக்கே கண்ணு எரிஞ்சு தண்ணி வந்துடுச்சு. மிஷினு மூச்சு விடல. அக்கா என்னிய மேலயும் கீழயும் பாத்துச்சு. "பொகையப் பாக்கற மிஷினு பொகையிலயே குளிச்சிட்டு சும்மா கெடக்குது. அப்ப அது வேற எதையோ பாக்குது. நல்லாப் பாக்கட்டும் தம்பி, நான் ஒண்ணும் தப்பாப் பேசறவ இல்ல."

ஏணி மேல எட்டு பேரு

அன்னிக்கே பதினோரு மணிக்கு மேல்தளத்துக்கு ரெண்டாவது மைக்கு. மாட்டிட்டு டெஸ்ட் பண்ணணும். எல்லாரும் இன்னா பண்ணுவாங்க? "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ." நமக்கு அது புடிக்காது. ஸ்கூல்ல படிப்பு ஏறல, வாத்தியாருங்க கொரலு மட்டும் நல்லா ஏறிச்சு. அதனால ஏணி மேல நின்னுக்கினு கடையில இருக்கற எட்டு பேரு கொரல்லயும் வரிசையா பேச ஆரம்பிச்சேன். மேல்தளத்து சேல்ஸ்மேன் பாபு, ஏணிக்குக் கீழ பொடவையப் பிரிச்சுப் போட்டவன் மடிக்க மறந்துட்டு சிரிக்கறான்.

கடைசியா கோமதி அக்கா. இடுப்புல ஒரு கைய வெச்சிக்கினு, கழுத்த ஒரு வெட்டு வெட்டி, அதே இழுவையில: "அம்மாடீ, தங்கம்! இந்தக் கலருக்கும் ஒன் மூஞ்சிக்கும் நேத்தே நிச்சயம் பண்ணிட்டாங்கபோல!" பாபு கையத் தட்டினான். கை தட்டினா நமக்கு நிறுத்தத் தெரியாதே. சும்மா இருக்காம இன்னும் ஒண்ணு எடுத்து வுட்டேன்: "இங்க எதுக்கும்மா புழுங்கிக்கினு ஒக்காந்துக்கினு? எதிர்க்கடைக்குப் போங்க, அங்க காத்தாவது வரும்!" பாபு வயித்தப் புடிச்சிக்கினு மெத்தையில உருண்டான். "டேய் ஏழுமல, நீ ஏணியத் தூக்கிப் போட்டுட்டு நாடகத்துக்குப் போயிடுறா, அக்காவே வந்து மேல நிக்கறா மாதிரி இருக்குது!"

வாயில ஊக்கு

மறுநாள் காலைல மொதலாளி ஃபோனு. "புடிச்சிட்டேன்பா! வா, வா!" ஓடினேன். அக்கா கல்லாகிட்ட சாப்பாட்டுக் கூடையோட நின்னுக்கினு இருக்குது. கண்ணு செவந்து போயிருக்குது. இன்னியோட நின்னுக்கோன்னு சொல்லிட்டாராம். எனக்கு முதுகுல தட்டு மேல தட்டு. "பிரமாதம்பா ஒன் மைக்கு. மண்டபம் ஒனக்குத்தான், புரிதா?"ன்னு சொல்லிட்டு டிவியப் போட்டாரு.

படத்துல கீழ்த்தளம், வெள்ளிக்கெழம பதினோரு மணி. கல்யாணப் பொண்ணுக்கு அக்கா தோள்ல மடிப்பு எடுத்துக்கினு இருக்குது. கூட வருது சத்தம்: "இங்க எதுக்கும்மா புழுங்கிக்கினு ஒக்காந்துக்கினு? எதிர்க்கடைக்குப் போங்க…" அடுத்த நிமிசம் பொண்ணோட அம்மா எழுந்துக்குது, கூட்டமே கெளம்பிடுது.

அது ஏங்கொரலு. இன்னொண்ணையும் ஒத்துக்கறேன், அந்த நேரத்துலயும் உள்ளுக்குள்ள ஒருத்தன், "ச்சே, இன்னா அச்சு அசலா பண்ணியிருக்கடா"ன்னு என்னியப் பாராட்டிக்கினு இருந்தான். நடந்தது இன்னான்னு அப்பவே புரிஞ்சிபோச்சு. சத்தமும் படமும் சேர்ற பொட்டி மாடிப்படிக்கு அடியில தூசியில கெடக்குது. கீழ் கேமராவுக்கு ஒரு ஓட்டை, மேல் கேமராவுக்கு ஒரு ஓட்டை. ரெண்டாவது மைக்குக்காக மொத மைக்கையும் கழட்டினவன், இருட்டுல தடவி ரெண்டையும் மாத்தி சொருவிட்டேன். மேல நான் பேசினது கீழ அக்கா படத்துல வந்து ஒக்காந்துடுச்சு.

வாயத் தொறந்தா மண்டபம் போச்சு. தொறக்கலன்னா அக்கா வேலை போச்சு. மொதல்ல சுத்தி வளைச்சுத்தான் பாத்தேன். "சார், அக்கா வாயில ஊக்கு இருக்குது பாருங்க. மடிப்புக்குக் குத்தறதுக்குப் பல்லுல கடிச்சிக்கினு இருக்குது. வாய் மூடியே இருக்குதே?" மொதலாளி டிவிகிட்ட போயி, மூக்கு ஒட்டற அளவுக்குப் பாத்தாரு. "ஆமா! வாய அசைக்காமலே பேசறா பாரு, எவ்ளோ கெட்டிக்காரி!"

ஒட்டகம்

இனிமே வளைக்க ஒண்ணும் இல்ல. "சார், அது அக்கா இல்ல. நானு"ன்னேன். "பொம்பள கொரலு எனக்குத் தெரியாதா?"ன்னாரு. அங்கியே இடுப்புல கைய வெச்சு "அம்மாடீ, தங்கம்!"னு ஒரு இழுப்பு இழுத்தேன். மாடிப்படியில பாபு சிரிச்சு வாயப் பொத்திக்கினான். மொதலாளி நம்பல. அக்காவக் காப்பாத்த ராத்திரியோட ராத்திரியா பழகிக்கினு வந்துட்டேனாம்!

"ஒயர மாத்தி சொருவிட்டேன் சார்"னு சொல்லிட்டு, அந்த ஒயரே சாட்சி சொல்லட்டும்னு, அதே பதினோரு மணி, மேல்தளத்துப் படத்தப் போட்டேன். படத்துல நான் ஏணி மேல நிக்கறேன். கையக் கால ஆட்டறேன், கழுத்த வெட்டறேன், வாயப் பொளக்கறேன். பொளந்த வாயிலேர்ந்து கோமதி அக்கா நெசக் கொரலு வருது: "இது கோர்வ பாடருமா, ஒடம்பு தனி, பாடர் தனியா நெஞ்சு சேத்தது. ஒங்க பேத்தி கல்யாணத்துக்கும் எடுத்துக் கட்டலாம்." எதிர்க்கடைப் பேச்சே இல்ல. ஒரு தாய் புள்ளைக்குச் சொல்றா மாதிரி சொல்லிக்கினு இருக்குது. அக்கா மூக்க உறிஞ்சிக்கினு டிவியவே பாத்துச்சு. "கொரலு சரிதான் தம்பி. ஆனா நான் இடுப்புல கைய வெச்சா இப்பிடியா ஒட்டகம் மாதிரி நிக்கறேன்?"

ஊக்கு கடிச்ச நேரம்

அதோட நிறுத்திடலாம்னு ரிமோட்டுல கைய வெச்சேன். "ஓடட்டும். கூட்டம் எதுக்குப் போச்சுன்னு தெரியணும் இல்ல?"ன்னாரு மொதலாளி. ஓடிச்சு. அக்கா பேச்சு நின்னுபோச்சு, அதான் ஊக்க வாயில கடிச்ச நேரம். அமைதியாச்சா, அந்த அமைதியில கல்லாப் பக்கத்துலேர்ந்து ஒரு கனப்பு. அப்பறம் தெரு முனை வரைக்கும் கேக்கறா மாதிரி, ஃபோன்ல ஒரு கொரலு: "ஆமாபா, ரெண்டு வருசமா விக்காம மடிப்ப மாத்தி மாத்தி வெச்சிக்கினு இருந்தோமே, அந்தப் பொடவைங்கதான். எல்லாத்தையும் முன்னாடி எடுத்துப் போடச் சொல்லிட்டேன். வெளியூர்க் கூட்டத்துக்கு இன்னா தெரியப்போவுது, புரிதா?" அடுத்த சத்தம் பொண்ணோட அம்மா: "எழுந்திரிங்கடீ."

கடையில ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. இப்பத்தான் அந்த ஃபேனோட அரும தெரிஞ்சிது எனக்கு. நான் தரையப் பாத்தேன், பாபு மேலப் பாத்தான். அக்கா சாப்பாட்டுக் கூடைய எடுத்துக்கினு போயி அது எப்பவும் வெக்கற எடத்துலயே வெச்சிட்டு, மெத்தையில ஒக்காந்துச்சு. "மிஷினு இருக்கட்டும் மொதலாளி. ஆனா 'இங்க பேசறது பதிவாவுது'ன்னு ஒரு போர்டு எழுதி மாட்டுங்க. வரவங்களுக்கும் தெரியணும், நமக்கும் நெனப்பு இருக்கும்"னுச்சு. மொதலாளி தலைய மட்டும் ஆட்டினாரு.

போர்டு நானே மாட்டிக் குடுத்தேன். ஒயரையும் சரியா மாத்தி சொருவினேன். மண்டபத்தப் பத்திக் கேக்க எனக்கு வாய் வரல, அவரும் எடுக்கல. ஏணிய எடுத்துக்கினு கெளம்பறப்போ பின்னாடியே வந்து, அவரு வாயிலேர்ந்து நான் கேட்டதுலயே சின்னக் கொரல்ல சொன்னாரு. "மைக்கு ரெண்டும் இருக்கட்டும்பா. நான் ஃபோன் பேசறதுக்கு மொட்டமாடியில ஒரு நாற்காலி போட்டுட்டுப் போ. அங்க மட்டும் எதையும் மாட்டிடாத, புரிதா?"

இத்தினி வருசத்துல நான் கண்டது இவ்ளோதாங்க: அடுத்தவங்க பேசறதக் கேக்கணும்னுதான் ஒயரு இழுக்கறோம், அந்த ஒயரு மொதல்ல காட்டிக்குடுக்கறது ஏணி மேல நிக்கறவனையும் கல்லாவுல ஒக்காந்திருக்கறவரையுந்தான்.