ரயிலுக்கு எதிரே இரண்டு நாற்காலிகள்

என் வீட்டுக்காரர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில், வேட்டி துண்டுப் பிரிவில், முப்பது வருஷத்துக்கு மேல் நின்றார். அங்கே விற்கிறவர்கள் உட்காரக் கூடாது. கடைசிக் காலத்தில் சட்டம் வந்து ஆளுக்கொரு ஸ்டூல் போட்டார்கள். இவர் அந்த ஸ்டூலில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாராம்.

வீட்டிலும் அதே கதைதான். காபியை நின்றுகொண்டே குடிப்பார், டிவியை நின்றுகொண்டே பார்ப்பார். ஒரு கைக்குப் பிடிமானமாக ஜன்னல் கம்பியோ ஃபிரிட்ஜ் கதவோ இருந்தால் போதும். நரம்பு சுருண்டு புடைத்த இடது காலில் நின்றபடி, வலது காலைத் தூக்கி, அந்தப் பாதத்தால் இடது கெண்டைக்காலை மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார். "போன ஜென்மத்துல நீங்க கொக்கு" என்பேன். "அப்ப நீ மீனா?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சாயங்காலமாவது என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடித்திருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

வேலையை விட்டதும் இருக்கலாமென்று மந்தைவெளியில், பறக்கும் ரயில் பாதைக்கு எதிரே, மூன்றாம் மாடியில் ஒரு சின்ன ஃபிளாட்டை வாடகைக்குப் பேசி அட்வான்ஸ் கொடுத்தார். என்னையும் ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டினார். நான் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பால்கனியில் கம்பியைப் பிடித்து, வழக்கம்போல் ஒற்றைக் காலில் நின்று, ரயில் போவதைப் பார்த்தார். "இங்க ரெண்டு நாற்காலி போடலாம்" என்றார். "ரெண்டாவது எதுக்கு, உங்க சட்டையை மாட்டவா?" என்று கேட்டேன். சிரித்தார்.

சாமான் ஏற்றுவதற்கு முந்தின வாரம், காலையில் பல் தேய்க்க நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "ஒரு வழியா படுத்துட்டார்" என்று நானே சொன்னேன். என் வாய் அப்படி.

அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கு வந்துவிடு என்றாள் மகள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். நான் மந்தைவெளிக்கே போனேன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். அவர் வருஷத் திதி வரைக்கும் இங்கே இருப்பது. திதி முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு அவளோடு போவது. தனியாக இருக்க முடிகிறதா என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த பால்கனியைப் பெரிதாக நினைக்க வேண்டாம். கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. கீழே கால்வாய், அதன் மேலே தூண்கள், தூண்களின் மேலே ரயில். மந்தைவெளி ஸ்டேஷனை விட்டு மயிலாப்பூர்ப் பக்கம் கிளம்பும் வண்டி எங்கள் கட்டடத்தைத் தாண்டும்போது வேகம் பிடித்திருக்காது. கதவோரம் நிற்பவர்களின் முகம் நன்றாகத் தெரியும். என்னை அவர்கள் பார்ப்பதும் தெரியும். எப்படியும் ஊர் பார்க்கப் போகிறது, பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்றுதான் அதை அலங்கரிக்கத் தொடங்கினேன்.

கம்பிகளுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். தரைக்கு பிளாஸ்டிக் புல் விரிப்பு. மேலே ஒரு சரம் சீரியல் பல்பு, மஞ்சள் நிறம் மட்டும், மினுக்காதது. ரோட்டோரம் பிரம்பு சாமான் விற்பவரிடம் ஒரு நாற்காலி கேட்டேன். "ஒத்த சேர் யாரும்மா வாங்குவாங்க? ஜோடியாத்தான் குடுப்பேன்" என்றார். கோபம் வந்தது. கோபத்தோடு இரண்டையும் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சுவரோரமாக, ரயிலைப் பார்க்கப் போட்டேன். இரண்டாவது நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே, நாற்காலி முதுகைவிட உயரமான ஒரு இரும்பு ஸ்டாண்டு, அதில் குண்டு மண்பானையில் மணி பிளான்ட். ஆளில்லாத நாற்காலி என்று புறாக்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எச்சம் படாமல் இருக்க அதன்மேல் அவருடைய பழைய வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து வைத்தேன். கடையில் கொடுத்தது, முழு நீளத் துண்டு.

பெட்டி நிறைய அவர் கொண்டுவந்த கட் பீஸ் துணிகள் கிடந்தன. நல்லதாக இரண்டை எடுத்துக்கொண்டு, நாற்காலி மெத்தைக்கு உறை தைக்க ஸ்டேஷன் பக்கத்துத் தையல் கடைக்குப் போனேன். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிற சின்னக் கடை. மிஷினில் ஒரு பெண் இருந்தாள். திருவல்லிக்கேணிக்காரி, துப்பட்டாவைத் தலையில் இறுக்கிப் போட்டிருந்தாள். ரம்ஜானுக்கு அப்புறம்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன், தினமும் ரயிலில்தான் வந்து போகிறேன் என்று அளவு எடுக்கும்போதே சொன்னாள். அவள் சேர்ந்தபோதே அவர் போய் மாதக்கணக்காகியிருந்தது.

"வூடு எங்கம்மா?" என்று கேட்டாள்.

"ரயிலுக்கு எதிரே. பச்சைக் கம்பி, மஞ்சள் பல்பு தொங்கும்."

"அது உங்க வூடா?" அவள் மிஷினை நிறுத்தினாள். "சாயங்காலம் வூட்டுக்குப் போவசொல்ல தெனிக்கும் பாக்குறேன்மா. நீங்களும் சாரும் குந்திக்கினு இருப்பீங்களே. பாக்கவே அவ்ளோ நல்லா கீது."

"எந்த சார்?"

"இன்னாம்மா இப்டி கேக்குறீங்க? உங்க பக்கத்து சேர்ல, வெள்ளையா போட்டுக்கினு குந்திக்கினு இருப்பாரே."

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் இறந்துவிட்டார், நான் தனியாக இருக்கிறேன். அவ்வளவுதான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "அவர் உட்கார மாட்டாரே" என்றேன்.

"வயசாச்சுல்ல, குந்தட்டும்" என்று அவள் சிரித்தாள். "துணி மிச்சம் கீது. சாருக்கு முதுகுக்கு ஒரு சின்ன திண்டு தெச்சுத் தரட்டா?"

"தை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் எனக்குப் பயமில்லை, கோபம்தான். உயிரோடு இருந்தபோது உட்காராத மனுஷன் செத்த பிறகு ஊர் பார்க்க உட்கார்ந்திருக்கிறாராம், அதுவும் எனக்குத் தெரியாமல். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் கோபம் போய்விட்டது. பால்கனிக் கதவுக்குப் போகக் கால் வரவில்லை. வருஷம் திரும்பும் வரை இறந்தவர் வீட்டைச் சுற்றுவார் என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொல்வார்கள். வாழ்ந்த வீட்டை என்றுதான் சொல்வார்கள். அட்வான்ஸ் கொடுத்த வீடும் அதில் சேருமா என்று யாரைக் கேட்பது?

அன்று சாயங்காலம் பிடிவாதமாக என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் திரும்பவில்லை. ரயில் வந்தது. கதவோரம் நின்றவர்களை முதல் முறையாகக் கவனித்துப் பார்த்தேன். அவர்கள் கண் முதலில் என்மேல் விழுந்தது. பிறகு என் பக்கத்துக்கு நகர்ந்தது. அங்கே கொஞ்சம் நின்றது. அடுத்த வண்டியிலும் அப்படித்தான். காலி நாற்காலியை யாரும் அவ்வளவு நேரம் பார்ப்பதில்லை. கழுத்தின் அந்தப் பக்கம் மட்டும் எனக்குச் சில்லென்று இருந்தது.

உள்ளே ஓடிப் போயிருக்கலாம். போகவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அது பிடிக்கத் தொடங்கிவிட்டது. ரயில் வரும் நேரம் பார்த்துத் தலை வாரிக்கொண்டேன். புடவையை மாற்றிக்கொண்டேன். ஒரு நாள் காபியை இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு, எனக்கே வெட்கமாகி, இரண்டையும் நானே குடித்தேன். நாற்காலியை மட்டும் நேராகப் பார்ப்பதில்லை. பார்த்தால் அது காலியாக இருக்கும், அது எனக்குத் தெரியும்.

மகள் போனில் திதிக்குத் தேதி சொன்னாள். வீட்டுச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமே, சொல்லட்டுமா என்றாள். பிறகு சொல்கிறேன் என்று தள்ளிப் போட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் உண்மையிலேயே அங்கே இருந்தால் நான் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. இல்லையென்றால் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஒரு காலி நாற்காலிக்குப் புடவை மாற்றிக்கொண்டிருக்கிற கிழவி நான். எது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி, ரயிலில் போய் என் பால்கனியை நானே பார்ப்பது.

பல்பைப் போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, மந்தைவெளியில் ஏறினேன். எங்கள் வீட்டுப் பக்கக் கதவோரம் கம்பியைப் பிடித்து நின்றேன். வண்டி கிளம்பியது. மாவு மில், மாடியில் காயும் துணிகள், தண்ணீர்த் தொட்டி, எங்கள் கட்டடம்.

அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை உடை, குண்டுத் தலை, ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி. பக்கத்து நாற்காலி, என்னுடையது, காலியாக இருந்தது. வண்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும் கோணம் மாறி எல்லாம் பிரிந்துவிட்டது. உடம்பு என்று பார்த்தது துண்டு. தலை என்று பார்த்தது பானை. நரைக்காத தலைமுடி என்று பார்த்தது மணி பிளான்ட் இலைகள். ஆளை நானேதான் உட்கார வைத்திருக்கிறேன்.

அடுத்த ஸ்டேஷனான திருமயிலையில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவர் போனபோதுகூட அப்படி அழவில்லை. வீட்டுக்கு வந்து துண்டை மடித்துப் பெட்டியில் வைத்தேன். பானையைச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். இரண்டாவது நாற்காலியை உள்ளே இழுத்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே திணித்தேன். மகளைக் கூப்பிட்டு, "வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட சொல்லிடு, நான் வந்துடுறேன்" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் சாயங்காலம் நான் பால்கனிப் பக்கமே போகவில்லை. சாமான் கட்டப் பழைய அட்டைப்பெட்டி கிடைக்குமா என்று மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக் கடைகளில் அலைந்துவிட்டு இருட்டிய பிறகுதான் வந்தேன். அதற்கு அடுத்த நாள் காலையில் தையல் கடைக்குப் போனேன். உறைகளை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் உண்மையையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பாவம், அவள் என்ன கண்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள். "நேத்து எங்கம்மா போனீங்க? உங்களக் காணோமே."

"மயிலாப்பூருக்குப் போனேன்."

"அவரு சேர இன்னாத்துக்குமா எடுத்தீங்க? ஒரு சேர்தான் கீது. பாவம், சார் நின்னுக்கினே இருந்தாரு."

கையில் வாங்கிய உறைகளை மேஜைமேல் வைத்தேன். "நின்னுக்கிட்டா?"

"ஆமாம்மா. பச்சைக் கம்பியப் புடிச்சிக்கினு, ரயிலயே பாத்துக்கினு. அதுவும் எப்டி, ஒரு கால்ல நின்னு, இன்னொரு காலத் தூக்கி அந்தப் பாதத்தால தேச்சுக்கினு. சாருக்குக் கால் வலிங்களா? எங்க வூட்ல ஒரு தைலம் கீது, கொண்டாந்து தரட்டா?"

அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை. அவர் காலைத் தேய்ப்பதைப் பற்றி மகளைத் தவிர யாரிடமும் பேசியதில்லை. துண்டு பெட்டியில் இருந்தது, பானை அடுப்படியில் இருந்தது. "கொண்டு வாம்மா" என்றேன். அவள் திண்டையும் உறைகளோடு சேர்த்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டேன். புது உறை போட்ட மெத்தை, முதுகுக்குத் திண்டு. துண்டு போடவில்லை, பானை வைக்கவில்லை. சாயங்காலம் வந்ததும் பல்பைப் போட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைகளை மடியில் கோத்துக்கொண்டேன். "உட்காருங்க" என்றேன், சத்தமாகவே. பிரம்பு கொஞ்சமும் முனகவில்லை.

ரயில் வந்தது. கதவோரம் நின்றவர்களின் கண்கள் என்மேல் விழுந்தன. பிறகு பக்கத்துக்கு நகர்ந்தன. நாற்காலிக்கு இல்லை. அதைத் தாண்டி, கம்பியோரம், ஓர் ஆள் நிற்கும் உயரத்துக்கு ஏறி, வண்டி தாண்டும் வரை அங்கேயே இருந்தன.

போன் அடித்தது. மகள்தான். "அம்மா, வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட இன்னைக்குப் பேசப் போறேன். எந்த மாசத்தோட காலி பண்றோம்னு சொல்லட்டும்?"

"பேசாதே. நான் இங்கேயே இருக்கேன்."

"முந்தாநேத்துதானே வர்றேன்னு சொன்னே? என்ன ஆச்சும்மா?"

நான் கம்பியோரம் பார்க்கவில்லை. பார்க்காமலே சொன்னேன். "உங்கப்பா இன்னும் உட்காரலடி."