உனக்கு எவ்ளோ?

நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க சிரிச்சிட்டுப் போங்க. பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா, "போய் வேலையைப் பாரு"ன்னு விரட்டுற ஆளு நான். ஆனா இது என் கூடப் பிறந்த தங்கச்சிக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்லவே வராது.

அவ மருந்துக்கடையில நிக்கிறவ. நர்ஸ் படிப்புல சேரணும்னு ஒத்தக் கால்ல நின்னா. அதுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு பாஸாகணும். ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. இதுவும் போனா வயசு வரம்பு தாண்டிடும், அவ்வளவுதான். மறுநாள் பரீட்சை. நான் படிச்ச அதே ஸ்கூல், அதே லேப். அட்டெண்டர் நல்ல மனுஷன். "ஆறு மணி வரைக்கும் பழகிக்கோம்மா"ன்னு திறந்துவிட்டுட்டு ஆபீஸ் ரூமுக்குப் போயிட்டார்.

வேலை இதுதான். குடுவையில அமிலம், கூட நிறங்காட்டி ரெண்டு சொட்டு. மேல பியூரெட்ங்கிற நீளக் கண்ணாடிக் குழாயில காரம். திருகைத் திறந்து சொட்டுச் சொட்டா விடணும். அமிலம் முழுக்க உப்பும் தண்ணியுமா மாறினதும் லேசா ரோஸ் கலர் வரும். அங்கே நிறுத்தி அளவைக் குறிக்கணும். ஒரே அளவு ரெண்டு தடவை வந்தாத்தான் மார்க். கரும் ரோஸ் ஆயிடுச்சுன்னா கை மீறிப் போச்சுன்னு அர்த்தம்.

5:20. முதல் தடவை 18.4.

5:31. 18.9. சனியனேன்னு தன் கையையே திட்டிக்கிட்டா.

5:38. மறுபடி 18.4. சிரிப்பே வந்துடுச்சாம்.

அப்பத்தான் கேட்டுச்சு.

டிக்... டிக்...

கடைசி மேசையில சொட்டு விழுற சத்தம். தன்னை மாதிரி பழக வந்த யாரோன்னு நினைச்சா. கதவு திறந்த சத்தமே கேக்கலையேன்னு அப்புறந்தான் தோணுச்சாம்.

"உனக்கு எவ்ளோ?"

பரீட்சை ஹால்ல பக்கத்து மேசைக்காரி கேப்பாளே, அப்படி ஒரு கிசுகிசுப்பு.

"18.4." தங்கச்சி திரும்பாமலே சொன்னா.

டிக்... நின்னுடுச்சு.

"22.7 இல்லியா?"

"இல்லீங்க. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

குரல் கிட்ட வந்துடுச்சு. காதுக்குப் பின்னாடி. ஆனா மூச்சுக்காத்து மேல படவே இல்ல.

"நிச்சயமா?"

"நிச்சயமா..."

"அப்ப... அவ பொய் சொல்லிட்டா."

திரும்பினா.

யாருமில்ல.

கடைசி மேசையில ஒரு பியூரெட். காரம் 22.7-ல நின்னுச்சு. கீழே குடுவை.

கரும் ரோஸ்.

5:42.

செருப்புகூட இல்லாம வீட்டுக்கு ஓடி வந்தா. "நாளைக்கு நான் போகமாட்டேன்க்கா"ன்னு ஒரே அழுகை. நடந்ததைக் கேட்டதும் அந்த எண்ணை மட்டும் மறுபடி கேட்டேன்.

"எவ்ளோன்னு சொன்னா?"

"22.7."

பதினாறு வருஷத்துக்கு முன்னாடி எங்க வகுப்புல ஒருத்தி இருந்தா. சொட்டுன்னு கூப்பிடுவோம். அவ்வளவு நிதானமா விடுவா. செய்முறைத் தேர்வுல எனக்கு வந்தது 18.4. அவ கடைசி மேசை, நான் பக்கத்துல. சந்தேகம் வந்து, "உனக்கு எவ்ளோ?"ன்னு கேட்டா. எப்பவும் அவதான் ஃபர்ஸ்ட். எனக்கு வயித்தெரிச்சல்.

"22.7"ன்னேன்.

என்னை நம்பித் திருகைத் திறந்துவிட்டா. குடுவை கரும் ரோஸ் ஆச்சு. அப்படியே வெளியே நடந்தா. அன்னைக்கு வீட்டுக்குப் போய்ச் சேரல. இன்னைக்கு வரைக்கும் சேரல.

அந்த எண்ணை நான் அவகிட்ட மட்டுந்தான் சொன்னேன். அம்மாகிட்ட, கட்டினவர்கிட்ட... யாருகிட்டயும் வாயைத் திறந்ததில்ல.

"போடி, உன்னை ஒண்ணும் பண்ணமாட்டா. நீ உண்மையைச் சொன்னவ"ன்னு தங்கச்சியை அனுப்பி வச்சேன். ஹால்ல யாரும் எதுவும் கேக்கலையாம். பாஸாயிட்டா.

சொட்டு இனிமே எதுக்குத் தங்கச்சிகிட்ட கேக்கப்போறா?

பொய் சொன்னது யாருன்னுதான் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சே.