தொட்டில் கம்பில் பர்மா மெடல்

என் மாமனாரின் அப்பா இரண்டாம் உலகப்போரில் பர்மாவுக்குப் போனவர். வீரச்செயல் என்று அவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. போடியிலிருந்து மலைக்குக் கோவேறு கழுதைகளில் சுமை ஏற்றிப் போய்ப் பழகியவர் என்பதால், பட்டாளத்திலும் அந்த வேலையையே கொடுத்தார்களாம். அங்கே சண்டையில் இருந்த சிப்பாய்களுக்குக் கொடுத்த வெண்கல நட்சத்திரம் அவருக்கும் கிடைத்தது. அதற்கு ஆறு முனைகள். ரிப்பன் எப்போதோ இற்றுப்போய், இப்போது கறுப்புக் கயிற்றில் தொங்குகிறது.

இந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத் தொட்டில் கட்டினால் மெடலையும் தொட்டில் கம்பில் கட்டிவிடுவார்கள். குண்டுக்குத் தப்பி வந்த மனிதருடையது, பிள்ளையை எதுவும் அண்டாது என்று ஒரு நம்பிக்கை. என் மகளுக்கு மாமாவே கட்டினார். கட்டிவிட்டுச் சற்று நேரம் கும்பிட்டபடி நின்றார். அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தொட்டிலை ஆட்டும்போதெல்லாம் அந்த முனைகள் பிள்ளையின் முகத்துக்கு மேலே போய்ப்போய் வந்தன. கயிறு அறுந்தால் கண்ணில்தான் விழும். அடுப்படியில் நின்றாலும் காது தொட்டிலிலேயே இருந்தது. ஒருநாள் துணிந்து அவிழ்த்து வைத்தேன். அன்று சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. தடுப்பூசி போட்ட காய்ச்சல்தான் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் விலங்கியல் படித்தவள் நான். ஆனாலும் மாமா கடையிலிருந்து வருவதற்குள் திரும்பக் கட்டிவிட்டேன். மாமாவுக்குப் பயந்து கட்டினேனா, காய்ச்சலுக்குப் பயந்தா என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

பிள்ளை குப்புற விழப் பழகிய சமயம், மலையில் ஏலத்தோட்டத்தில் இருக்கும் என் கொழுந்தனுக்கு மகன் பிறந்தான். மெடல் இனி அந்தத் தொட்டிலுக்குப் போக வேண்டும். லோடு ஏற்றப் போகும் ஜீப்பில் கொடுத்தனுப்பலாம் என்றார் கணவர். நானே கொண்டுபோகிறேன் என்றேன். என் பிள்ளைக்கு இருந்த ஆபத்தை இன்னொரு பிள்ளைக்குப் பொட்டலம் கட்டி அனுப்புவது போல இருந்தது. ஓரகத்தியிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால், தர மனசில்லாமல் பேசுகிறேன் என்று நினைப்பாளோ? நல்ல நேரத்தில் கண், ரத்தம் என்று பேசலாமா? போடிமெட்டு வளைவுகளில் ஜீப் ஏற ஏற, சொல்ல வேண்டியதை மாற்றி மாற்றி மனசுக்குள் அமைத்துக்கொண்டே போனேன்.

கொழுந்தனின் வீடு தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரே அறை. ஓரகத்தி மெடலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் ஒத்திகை பார்த்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“இது முனை கூராயிருக்கு. எனக்கு இத்தனை மாசமாப் பயம்தான்,” என்றேன்.

அவள் கட்டைவிரலால் ஒரு முனையை அழுத்திப் பார்த்தாள். “ஏங்க்கா, பட்டாளத்துக்காரரு வாசல்லதானே காவல் நிக்கணும்? தொட்டிலுக்குள்ள அவருக்கு என்ன சோலி?”

கொழுந்தனைக் கூப்பிட்டு, வாசல் நிலைக்கு மேலே ஆணி அடிக்கச் சொன்னாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன். உடனே மாமாவின் நினைவு வந்தது.

நானும் மகளும் கீழே இறங்குவதற்குள் கொழுந்தன் போனில் சொல்லியிருக்கிறான் போல. மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“வாசல்ல மாட்டிட்டாகளாமே?”

“ஆமா மாமா. பிள்ளைக்கு மேல விழுந்துருமோன்னு நான்தான் சொன்னேன்.”

அவர் என் மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் கண் இமையை விரலால் தடவிப் பார்த்தார்.

“அங்க மழை ஓயாதுத்தா. நனைஞ்சு களிம்பு பிடிச்சுரும். நிலைக்கு உள்பக்கமா மாட்டச் சொல்லு.”