டிராகன் நாணயத்தை விடாத கை

எண்பதுகளில் டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, சீனப் பேரரசின் கடைசிக் கால வெள்ளி நாணயங்களைச் சேர்த்துவந்தேன். ஒருநாள் கரோல் பாக் கடைத்தெருவில் டிராகன் பொறித்த அரிய நாணயமொன்று கிடைத்தது. பெருமை தாங்காமல் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனிடம் காட்டினேன்.

அவன் என் வீடுவரை பின்தொடர்ந்து வந்து, கத்தியைக் காட்டி, "நிகாலோ, ஜல்தி!" என்று நாணயத்தைச் சீக்கிரம் எடுக்கச் சொன்னான். நான் கொடுக்காததால் என் தலையைச் சுவரில் மோதினான். தடுக்க ஓடிவந்த மனைவியின் உள்ளங்கையைக் கத்தி கிழித்தது.

"குடுத்துத் தொலைங்களேன்!" என்று ரத்தம் சொட்ட அலறினாள். அப்போதும் நான் நாணயத்தை விடவில்லை. அக்கம்பக்கத்தார் திரண்டதும் அவன் ஓடிவிட்டான்.

மனைவியின் இரண்டு விரல்கள் அதன்பின் மடங்கவே இல்லை. நாணயங்கள் அத்தனையையும் விற்றுவிட்டேன். தினமும் காலையில் அவளுக்கு நான்தான் தலை பின்னிவிடுகிறேன்.