பள்ளிக்கூட வயது

மாதா கோயில் பள்ளிக்கூடத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். போன மாதம் அதை எழுதும் ஒரு பெண் பாக்கார் ஆராங் என்ற ஊரில் இருக்கும் என் மகன் வீட்டுக்கு வந்து, என்னைக் காரில் ஏற்றி, பள்ளி நடந்த அந்தப் பழைய கோயில் மண்டபத்துக்கே கொண்டுபோய் உட்கார வைத்தாள். எழுதி வைத்திருந்ததைப் படித்தும் காட்டினாள். ஜப்பான்காரன் காலத்தில் டீச்சர் சேர்க்கை ரிஜிஸ்டரை ஒளித்து வைத்ததால், இங்கே படித்தவர்களில் ஒருவர்கூடச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடிபடவில்லையாம். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கிழவிக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்து அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

அந்தப் பள்ளியில் சேர ஒரு சோதனை உண்டு. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஏழு வயசு ஆகிவிட்டதென்று அர்த்தம். என் அண்ணனைச் சேர்க்கப் போனபோது அவனுக்கு ஐந்துதான். அப்பாவும் அம்மாவும் இருட்டோடு ரப்பர் மரம் சீவப் போய்விட்டால், தோட்டத்து லயத்து வீட்டில் அவனைப் பார்க்க ஆளில்லை. வேறு வழியில்லாமல் ஏழு என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் எக்கி எக்கிப் பார்த்தும் விரல் காதுக்கு எட்டவில்லை. டீச்சர் சிரித்து, “எட்டும்லா, போ” என்று ஏழு என்றே எழுதிக்கொண்டார்.

பிறகு நான் பிறந்தேன். நான் பால் குடிக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். நானும் அதே பள்ளிக்குப் போன முதல் நாள் அம்மா என் காதைப் பிடித்துத் திருகிச் சொன்னாள்: “ஸ்கூல்ல யாரு கேட்டாலும் அண்ணனுக்கு ஸ்கூல் வயசத்தான் சொல்லணும். மாத்திச் சொன்னே, தோல உரிச்சிருவேன்.” தோட்டத்தில் பாதி வீடுகளில் இப்படித்தான். பிள்ளைக்கு வீட்டில் ஒரு வயசு, பள்ளியில் ஒரு வயசு. அதை நாங்கள் பொய்யாகவே நினைத்ததில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் பாதிரியாரைக் கொண்டுபோனார்கள். டீச்சர் மட்டும் இருந்தார். சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்துக் குனிவோம், ஜப்பான் பாஷையில் இச்சி, நி, சான் என்று எண்ணுவோம். வயிற்றில் மரவள்ளிக்கிழங்கும் பயமும்தான் இருக்கும். பூட்ஸ் சத்தம் கேட்டாலே எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம் லயத்துக்கு ஒரு ஜப்பான் அதிகாரியும், அவனுக்கு மொழிபெயர்க்கும் நம்மாள் ஒருவனும் வந்தார்கள். பதினெட்டு நிரம்பியவர்களெல்லாம் சயாமுக்கு வர வேண்டும் என்றார்கள். போன லாரிகளில் ஒருவரும் திரும்பி வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அம்மா அண்ணனை மறைத்துக்கொண்டு, “பதினாறுதான்யா ஆவுது” என்றாள். அது உண்மை. ஆனால் காதைத் தொட முடியாத அண்ணன் இப்போது கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். வெள்ளைக்காரத் துரை ஓடும்போது வயசு எழுதிய தோட்டத்து ஆபீஸ் தாள்களை எரித்துவிட்டிருந்தார். “ஸ்கூல் புக்குல இருக்கும்லா. நாளைக்குப் பாத்துக்கிறோம்” என்றான் நம்மாள். அந்தப் புக்கில் அண்ணனுக்கு இரண்டு வயசு கூட. அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவர்கள் பள்ளிக்கு வந்தார்கள். விஷயம் தெரிந்து டீச்சர் ரிஜிஸ்டரைக் கோயில் பீடத்துக்குக் கீழே, பாதிரியாரின் அங்கிகள் இருந்த பெட்டியில் போட்டுவிட்டிருந்தார். “கரையான் தின்னுருச்சு” என்றார். அதிகாரி ஓங்கி அறைந்தான். டீச்சரின் மூக்குக்கண்ணாடி தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. டீச்சர் மறுபடியும் அதையே சொன்னார்.

நம்மாள் எங்கள் பக்கம் திரும்பினான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கிட்டே வந்து குனிந்தான். “பாப்பா, ஒங்க அண்ணனுக்கு என்ன வயசு?”

எனக்கு எல்லாம் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயசுதான், ஆனாலும் பதினாறு என்று சொல்ல வேண்டும் என்பது தெரியும். ஆனால் அது பள்ளிக்கூடம். டீச்சர் நிற்கிறார், பலகை இருக்கிறது, காதில் அம்மாவின் விரல் இருக்கிறது. பயத்தில், எத்தனையோ தடவை சொல்லிப் பழகியதுதான் வாயில் வந்தது.

“பதினெட்டு.”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நான் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டேன்.

மத்தியானமே லாரி வந்தது. அம்மா தரையில் விழுந்து கத்தினாள். நான் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். ஏறப் போன அண்ணன் திரும்பி, “பாப்பாவ அடிக்காதம்மா, அது பயந்திருச்சு” என்றான். அம்மா என்னை அடிக்கவில்லை. சாகும்வரை அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணன் திரும்பி வரவில்லை.

தண்ணீரோடு வந்த பெண்ணிடம் இவ்வளவையும் சொன்னேன்.  அவள், ஒருவர்கூடப் பிடிபடவில்லை என்ற வரியை அடித்துவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி, “அவருக்கு அப்ப என்ன வயசு, பாட்டி?” என்று கேட்டாள்.

அதே மண்டபம்.  வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

“பதினாறு” என்றேன். “பதினாறுதாம்மா. எழுதிக்க.”