விரிசலில் ஒட்டிய காலண்டர் தாள்

தொண்ணூறுகளில் ஒரு கோடையில், சத்தியமங்கலம் பக்கத்திலிருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டோடு சேர்த்து அம்மாவுக்கு ஓர் அறை கட்டினேன். பழைய சுவர் அசையக் கூடாது என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. அஸ்திவாரம் முடிந்து, கதவு நிலை வைக்க நாளும் குறித்த பிறகு, அந்தச் சுவரிலேயே ஒரு விரிசல் தெரிந்தது.

"பயப்படாதீங்க. குறுக்கால ஒரு காயிதத்த ஒட்டி வெய்ங்க. செவுரு நகந்தா கிழிஞ்சிருமுங்க" என்றார் கொத்தனார்.

தினசரி காலண்டரில் கைக்கு வந்த தாளைக் கிழித்து, சோற்றுப் பசையால் ஒட்டினேன். மறுநாள் காலை பார்த்தால், தாளில் பாதியைக் காணோம்!

"அம்மா, ஊடு உளுகுது, வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டே வேப்பமரத்தடிக்கு ஓடிவிட்டேன். அம்மாவை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. திரும்பி ஓடினேன்.

சமையல்கட்டில் அம்மா அந்தப் பாதித் தாளைக் கண்ணருகே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, நெலை வெக்கிற நாளுத் தாளையா செவுத்துல ஒட்டிப்போட்ட? நல்ல நேரம் பாக்கத்தான் கிழிச்சேன்."

புதிதாக ஒட்டிய தாள் கடைசிவரை கிழியவில்லை. நிலை வைத்த அன்று அம்மா கொத்தனாரிடம் சொன்னார்: "இன்னுங் கொஞ்சம் அகலமா வெச்சிருக்கலாமுங்க. எம்பையன் ஓடறதுக்குத் தோதா இருக்கும்."